தண்ணீர் பழகணும்

யாங்கோன்,
ஆகஸ்ட் 10

அன்புள்ள மாப்ளே,

திஞ்ஜான் புத்தாண்டுக்கே எழுதுகிறேன் என்றவன், ஆடி முடியும்போதுதான் பேனாவை எடுக்கிறேன். திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். என் சர்க்கரையும் கட்டுக்குள்தான், உன் தங்கச்சி சோற்றை அளந்து போடுவதால். பீலிக்கான் கோயிலுக்குப் போகிற வேனில் இந்த வருஷமும் பெரியவர் முன்சீட்டுக்குச் சண்டை போட்டார்.

பையன் வைகாசியில் பாங்காக் போய்விட்டான். ஏன் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. அவன் அறையில் ரெண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று கிடந்தது. வாங்கி வைத்தவன் சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. வெறும் தொட்டியைத் தினம் பார்க்க முடியாமல் நானே நிரப்பிவிட்டேன். கோழி வளர்த்த கதையை இப்போது இழுக்காதே.

மணலை அலசிப் போட்டு, ஃபில்டரை மாட்டி, ஒரே ஒரு ராத்திரி ஓடவிட்டேன். மறுநாளே பன்னிரண்டு மீன்! ஹோபோங் மீன் தெரியுமா? 2006இல்தான் வெளி உலகத்துக்கே தெரிந்ததாம், நம் ஷான் மலைக் குட்டைகளில் இருந்தது. வெளிநாட்டில் கேலக்ஸி ரஸ்போரா, செலஸ்டியல் பேர்ல் டேனியோ என்று ஏதேதோ பேர். ரெண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். கருநீல உடம்பு முழுக்க முத்துப் புள்ளி, துடுப்பில் சிவப்புக் கோடு. கடையில் பார்த்ததும் புத்தி போய்விட்டது. குளிர்ந்த தண்ணீர் மீன் அது, யாங்கோன் சூட்டுக்கு ஆகாது என்று கடைக்காரர் வாயே திறக்கவில்லை.

நாலாம் நாள் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. அழுக்குதான் என்று மொத்தத்தையும் இறைத்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து வெள்ளைவெளேர் என்று கசக்கினேன். என்ன ஒரு திருப்தி! ஆறாம் நாள் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி போல என்று இன்னும் ரெண்டு சிட்டிகை தீனி போட்டேன். விடிந்ததும் மூன்று மிதந்தன. அடுத்த இரண்டு நாளில் இன்னும் இரண்டு.

மேல்மாடி சயாமா, அதான் டீச்சரம்மா, வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க கழுவியே கொன்னுட்டீங்க" என்றார், பர்மியத்தில். அதில் இன்னும் சுருக்கென்று இருந்தது. மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை விடுகிறது. மிஞ்சின தீனி அழுகினாலும் அதேதான். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகைக் கிருமி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொரு வகை. மணலிலும் ஸ்பாஞ்சிலும் இவை குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகுமாம். அதுவரை மீன் தன் விஷத்திலேயே நீந்துகிறது. நானோ குடிவந்த கொஞ்சநஞ்சத்தையும் குழாயடியில் விரட்டிவிட்டேன். நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தமே பழுப்பாகிவிடும், தொட்டியில் காற்று இருந்தும் மூச்சு முட்டும். பசி என்று நான் தீனி போட்டது இதற்குத்தான்.

அன்றிலிருந்து நான் அவருக்குக் கம்பவுண்டர். தினம் நாலில் ஒரு பங்கு தண்ணீர்தான் மாற்றுவது, அதுவும் முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்தது. தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள். கல்லுப்பு கொஞ்சம், நைட்ரைட் செவுளில் புகாமல் தடுக்குமாம். அவர் வீட்டுத் தொட்டியிலிருந்து பாதி ஸ்பாஞ்சைப் பிழியாமல் கொண்டுவந்து என் ஃபில்டரில் சொருகினார். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி என்று உன் தங்கச்சிக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

எல்லாம் சரி, கரண்ட்? மழைக்காலத்தில் கொஞ்சம் தேவலை, ஆனாலும் போனால் மணிக்கணக்கில்தான். ஃபில்டர் நின்றால் உள்ளே இருக்கிற கிருமிக்கும் மூச்சு நின்றுபோகும். வெகுநேரம் கழித்து அப்படியே போட்டால் அந்த நாற்றத் தண்ணீர் தொட்டிக்குள் கொட்டும். அதனால் பேட்டரியில் ஓடுகிற சின்னக் காற்று பம்ப் ஒன்று வாங்கினேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேன் நின்றதும் முழிப்பு வந்துவிடுகிறது. இருட்டில் தடவிப் போய் பம்பைப் போட்டுவிட்டு, குமிழி சத்தம் கேட்டபிறகுதான் படுக்கிறேன். பையன் கைக்குழந்தையாய் இருந்தபோதும் இப்படித்தான், மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்து படுப்பேன்.

அவன் ராத்திரி போன் பண்ணுகிறான். வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்றால் "ம்" என்பான். "அம்மோனியா எவ்வளவுப்பா?" என்று மட்டும் தவறாமல் கேட்பான். டார்ச் அடித்து, வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் டெஸ்ட் குழாயைப் பிடித்து நிறம் சொல்லுவேன். பச்சை, இளம்பச்சை, போன செவ்வாய்க்கிழமை சுத்த மஞ்சள். மஞ்சள் என்றால் சைபர். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மிச்சம் எத்தனை?" என்றான். ஏழு என்றேன்.

ஏழும் நன்றாக இருக்கின்றன. கண்ணாடியில் பழுப்பாய் ஒரு படலம் படிகிறது. புதுத் தொட்டிக்கு அது சகஜமாம், துடைத்தால் போகிறது. வருகிற பங்குனி, சித்திரை வெயிலை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. ஐஸ் பாட்டிலை மிதக்கவிட வேண்டியதுதான், ஐஸ் கட்டக் கரண்ட் இருந்தால்!

மோல்மேனில் உன் வீட்டுப் பின்னால் குட்டையில் வேலம்பாசி இன்னும் இருக்கிறதா? வரும்போது ஒரு கொத்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டு வா. அம்மோனியாவை அதுவும் உறிஞ்சுமாம். நத்தை ஒட்டியிருந்தால் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே எடுத்துப் போட்டுவிடு.

உன்,
கோழி முதலாளி