2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: திருச்சபைத் தொண்டர் சங்கம், மட்டக்களப்பு

தலைவர் அவர்களே, போசகராகிய போதகர் ஐயா அவர்களே, சங்கத்தின் சகோதர சகோதரிகளே,

2024 ஆம் ஆண்டுக்கான அறிக்கையை இப்பொதுக்கூட்டத்தின் முன் சமர்ப்பிக்கிறேன். நிருவாகக் குழு மாதந்தோறும் கூடியது. நவம்பர் மாதக் கூட்டம் மட்டும் வெள்ளத்தினால் நடைபெறவில்லை. கணக்குகளைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். ஆகையால், சனிக்கிழமைகளில் நாம் சென்றுவரும் சிறுவர் இல்லத்தைப் பற்றியே இங்கு விரிவாக எழுதியிருக்கிறேன்.

ஜனவரியில் நடந்த முதலாவது சந்திப்பில் வழமைபோல நானே ஜெபத்தை நடத்தினேன். "போரினாலும் சுனாமியினாலும் பெற்றோரை இழந்த இந்த அநாதைப் பிள்ளைகளை ஆசீர்வதியும்" என்று நாம் பல வருடங்களாகச் சொல்லிவந்த வாக்கியம் என் வாயிலும் வந்தது. ஜெபம் முடிந்து பிள்ளைகள் கலைந்தபின், தரம் 7 இல் படிக்கும் ஒரு மகள் என்னிடம் வந்து, "அண்ணா, எனக்கு அம்மா இருக்கா. குவைத்தில வேலை செய்யிறா. ஏன் இல்லையெண்டு கடவுளிட்டச் சொன்னீங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி நாவலடியையும் கல்லடியையும் கல்லாற்றையும் கடல் கொண்டுபோனதை நம்மில் பலர் கண்ணால் கண்டவர்கள். அந்நாட்களில் இல்லங்கள் நிறைந்திருந்த காரணத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு இந்த ஆண்டோடு 20 வருடங்கள் நிறைவடைந்துவிட்டன. இன்று இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளுள் ஒருவர்கூட அன்று பிறந்திருக்கவில்லை. போர் முடிந்த 2009 இல் மூத்தவர்களே கைக்குழந்தைகள். நாம்தான் பழைய துயரத்துக்குள் நின்றுகொண்டு புதிய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மகளின் கேள்விக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையோடும் பொறுமையாக இருந்து பேசியதில், பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ அம்மம்மாவோ இருப்பதை அறிந்தோம். மத்திய கிழக்குக்குப் போன தாய், வேறு குடும்பம் தேடிக்கொண்ட தகப்பன், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பாடசாலைக்குப் போக்குவரத்து இல்லாத ஊர், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் மூன்று வேளை உலை வைக்க முடியாத வீடு ஆகியவையே அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தவை. வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபையின் 2009 ஆம் ஆண்டு வழிகாட்டல்கள் சொல்கின்றன. அதை நாம் வாசித்தும் இருக்கிறோம். வாசித்ததை விளங்கிக்கொள்ள ஒரு பிள்ளை வந்து நம்மைத் திருத்த வேண்டியிருந்தது. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814 இல் இந்த ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய நாள்முதல் கற்பிப்பதே நமது சபையின் பழக்கம். பிள்ளைகளிடம் கேட்டுப் படிக்கும் பழக்கம் நமக்குக் குறைவு.

அடுத்தது பிறந்தநாள் சாப்பாடு. நன்கொடையாளர்கள் தங்கள் பிறந்தநாளிலும் பெற்றோரின் நினைவு நாளிலும் இல்லத்துக்கு உணவு கொடுப்பது நல்ல வழக்கந்தான். கேக் வெட்டும்போது முன்பின் தெரியாத ஒருவருக்காகப் பிள்ளைகள் கைதட்டிப் பாடுவதும் வழக்கமாகிவிட்டது. மே மாதத்தில் ஒரு சின்ன மகன், "இண்டைக்கு ஆருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டான். கொழும்பில் உள்ள ஒருவருக்கு என்றேன். "எங்கட ஆக்களுக்கு எப்ப வரும்?" என்றான். அன்றே மேற்றன் அம்மாவிடம் பதிவேட்டை வாங்கி, எல்லாப் பிள்ளைகளின் பிறந்த திகதிகளையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். இப்போது பெரிய கேக் இல்லை. பிறந்தநாள்காரர் விரும்பும் கறி ஒன்று சமைக்கப்படுகிறது. கணவாய்க் கறி கேட்டவர்களே அதிகம் என்பதைப் பொருளாளர் கவலையோடு குறிப்பிடச் சொன்னார். பிள்ளைகளைப் படம் எடுத்து முகநூலில் போடுவதையும் நிறுத்தியிருக்கிறோம். அதற்கு அங்கத்தவர்கள் சிலரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. எனது கருத்தில் மாற்றமில்லை.

பிள்ளைகளில் பெரும்பாலோர் சைவர்கள். இரவில் தேவாரம் பாடிவிட்டே நித்திரைக்குப் போகிறார்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அவர்களை மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துச் செல்வதற்கு நாம் வாகனம் ஒழுங்குசெய்தது குறித்துச் சபையில் கேள்வி எழுந்தது. உணவையும் உடையையும் காட்டி ஒரு பிள்ளையின் கடவுளை மாற்றுவது நற்செய்திப் பணி ஆகாது என்று போதகர் ஐயா அளித்த விளக்கத்தை நன்றியோடு பதிவு செய்கிறேன். நவம்பர் 26 ஆம் திகதி அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் சென்ற மத்ரசா மாணவர்களை வெள்ளம் அடித்துச் சென்ற செய்தி வந்தபோது, அன்றிரவு தேவாரம் முடிந்தபின் எவரும் சொல்லாமலே பிள்ளைகள் அவர்களுக்காகக் கும்பிட்டார்கள் என்று மேற்றன் அம்மா கூறினார். "அவங்கட உம்மாமாருக்கு ஆரு போய்ச் சொல்லுவாங்க?" என்பதே அவர்களின் கேள்வியாக இருந்ததாம். அந்தக் கிழமை நமது ஆராதனையில் ஏறெடுத்த ஜெபங்களில் அந்தத் தாய்மாரை நினைத்தவர் எவருமில்லை.

அதே வெள்ளத்தில் நேர்ந்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். நவம்பர் 30 ஆம் திகதி வந்து கிளித்தட்டு விளையாடுவோம் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். தெரு நீரில் மூழ்கியிருந்ததால் போகவில்லை; ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுத்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. மே மாதத்தில் பிறந்தநாள் கேட்ட அதே மகன், ஸ்திரி போட்ட சேட்டு உடுத்திக்கொண்டு பொழுது படும்வரை விறாந்தையில் இருந்தானாம். அடுத்த முறை போனபோது எல்லோரோடும் பேசினான். என்னோடு மட்டும் பேசவில்லை. டிசம்பர் கடைசியில்தான், "நீங்க வராட்டி வரமாட்டன் எண்டு சொல்லுங்க, அது காணும்" என்றான். அன்றிலிருந்து, வருவோர் பெயரை வெள்ளிக்கிழமை மாலைக்குள் இல்லத்துக்கு அறிவிப்பது கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

வரும் ஆண்டுக்கு நிருவாகக் குழு இரண்டு பிரேரணைகளை முன்வைக்கிறது. முதலாவது, நத்தார் விருந்துக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை, வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மாதம் ஒருமுறை பிள்ளையைப் பார்க்க வரும் தாய்மாருக்கும் அம்மம்மாமாருக்கும் பஸ் கட்டணமாகக் கொடுப்பது. இதற்கு நன்னடத்தை உத்தியோகத்தரின் அனுமதியைக் கேட்டிருக்கிறோம். இரண்டாவது, கடிதத் தலைப்பிலும் பற்றுச்சீட்டுகளிலும் உள்ள "அநாதைச் சிறுவர்" என்ற சொல்லை நீக்குவது. அச்சடித்த பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் இன்னும் இரண்டு மீதமிருப்பதால் அவை தீரும்வரை பொறுக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான் அதற்கு உடன்படவில்லை. சபையின் தீர்மானத்துக்கு விடுகிறேன்.

செயலாளர்