தூண்டில் சங்கத்தின் ஆண்டறிக்கை: விடுமுறைக்கு ஒரு சிறிய பெட்டி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மலேசியா, ஈப்போவில் இயங்கும் நம் தூண்டில் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். செயலவை தவறாமல் கூடியது. கூட்டக் குறிப்புகளைப் புலனம் (வாட்ஸ்அப்) வழியாக எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் எனக்குப் பின் வாசிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களில் இளையோர் அதிகம் என்பது மனத்துக்கு நிறைவான செய்தி. மற்ற வழக்கமான விவரங்கள் உங்கள் கையிலுள்ள தாளில் இருப்பதால், இவ்வாண்டு நாம் அதிகம் உழைத்த ஒரே காரியத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன்.

சென்ற பொதுக்கூட்டத்தில் தாய்மார்கள் ஒரு குறையை எழுப்பினார்கள். பள்ளி விடுமுறைக்குக் கடலோரம் போனால் காரின் பின்பக்கம் முழுக்கத் தூண்டில் சாமான்தான் இருக்கிறது, பிள்ளைகளின் உடுப்புப் பைக்கு இடமில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது முற்றிலும் நியாயம். நம்மில் பலர் கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈய லம்பக் (சுரங்கக்) குட்டைகளில் தூண்டில் பிடித்துப் பழகியவர்கள். குட்டையில் எந்த மீன் எங்கே கிடக்கும் என்று தெரியாமல் தூரத் தூர வீச வேண்டும். அதற்கு நீளக் கோல்கள், விதவிதமான இரைகள், பெட்டி பெட்டியாகச் செயற்கை மீன்கள் எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. அதே சுமையைக் கடற்கரை விடுமுறைக்கும் தூக்கிப் போவது வழக்கமாகிவிட்டது.

இதை மாற்ற செயலவை ஒரு பட்டறை நடத்தியது. கடலோர ஊரான லுமுட்டில் பிறந்து வளர்ந்த நம் மூத்த உறுப்பினர் ஐயா அவர்கள் அதை வழிநடத்தினார். அவர் முதலில் விளக்கியது, படகுத்துறையில் மீன் நிற்கும் இடம். துறையின் தூண்களில் சிப்பியும் கொட்டலசும் ஒட்டி வளர்கின்றன. அவற்றைச் சுற்றிச் சிறு நண்டும் இறாலும் கூடுகின்றன. அவற்றைத் தின்னச் சிறு மீனும், சிறு மீனைத் தின்னப் பெரிய மீனும் நிழலோரமாக வந்து நிற்கின்றன. ஆகவே இரை நேராகக் கீழே இறங்கினால் போதும். தூரம் வீசத் தேவையில்லை என்றால் நீளக் கோலும் தேவையில்லை. பட்டறையில் மற்ற எல்லா முடிவும் இந்த ஒரு விளக்கத்திலிருந்து பிறந்தவை.

ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு கோல் என்று முடிவு செய்தோம். மடக்கு வகையோ நான்காகக் கழற்றும் வகையோ, 6 முதல் 7 அடி நீளம். ரீல் 2500 அல்லது 3000 அளவு. அதில் 12 முதல் 15 பவுண்டு எடை தாங்கும் நைலான் நரம்பு. பின்னல் நரம்பை விரும்புகிறவர்கள் உண்டு, அது வலிமையானது என்பதும் உண்மை. ஆனால் சிப்பியில் உரசினால் அது சட்டென அறுந்துவிடும். பிள்ளைகள் கையில் சிக்கினால் அவிழ்ப்பதும் கடினம். விடுமுறைக்கு நைலானே நல்லது என்பது என் உறுதியான கருத்து. தூண்டில் முள்ளுக்கு மேலே அரை மீட்டர் நீளத்துக்கு 25 பவுண்டு தடித்த நரம்பு கட்டினால் தூணில் உரசினாலும் தாங்கும்.

முள் விஷயத்தில்தான் விவாதம் நீண்டது. எண் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே போகும் என்பதும், 1/0 என்று எழுதியிருந்தால் அது பெரிய முள் என்பதும் புதிய உறுப்பினர்களுக்குக் குழப்பமாக இருந்தது. இறுதியில் மூன்றே அளவு போதும் என ஒத்துக்கொண்டோம்: சின்ன மீனுக்கு 8, நடுத்தரத்துக்கு 4, கலவா போன்றவற்றுக்கு 1/0 வட்ட முள். வட்ட முள்ளின் நன்மையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மீன் இரையை விழுங்கிக்கொண்டு திரும்பும்போது அந்த முள் தொண்டையில் தைக்காமல் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். கோலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, ரீலைச் சுற்றினாலே போதும். சிறு மீனை உயிரோடு திரும்ப விட நினைப்பவருக்கு இதைவிட நல்ல முள் இல்லை. பிள்ளைகள் பயன்படுத்தும் முட்களில், கூர்முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முனையைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிக் கொடுப்பது என்றும் முடிவாகியது. மீனின் வாயிலிருந்தும், தப்பித் தவறி விரலில் ஏறினால் விரலிலிருந்தும், அது எளிதில் கழன்று வரும்.

இவற்றோடு நரம்பு முறுக்காமல் இருக்கச் சில சுழலிகள், ஒரே நரம்பில் பல முட்கள் தொங்கும் அப்பல்லோ கட்டு இரண்டு, கணவாய் பிடிக்க ஒரு கொக்கி, நரம்பு வெட்டி, நீளமூக்குக் குறடு, ஒரு பழைய துண்டு, நெற்றியில் கட்டும் விளக்கு. ரீலையும் கோலையும் துண்டையும் தவிர்த்து அத்தனையும் பள்ளிப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி அளவில் அடங்கிவிட்டன. பட்டறையில் அதை மூடிக் காட்டியபோது தாய்மார்கள் கைதட்டினார்கள்.

ஈயக்குண்டை வீட்டிலிருந்து சுமக்க வேண்டாம் என்றோம். கனமான அதைப் போகிற ஊரில் வாங்கிக்கொள்ளலாம், அங்குள்ள நீரோட்டத்துக்கு எந்த எடை சரி என்பதும் அங்குள்ள கடைக்காரருக்குத்தான் தெரியும். இரையும் அப்படியே. காலைச் சந்தையில் கொஞ்சம் இறால், ஒரு கணவாய் வாங்கினால் போதும். இறால் மீனுக்குப் பிடித்தமானது, ஆனால் முள்ளில் நிற்காது. சிறு மீன்கள் கொத்திக் கொத்திக் காலி செய்துவிடும். உப்புத் தூவிச் சற்று நேரம் வைத்தால் சதை இறுகும். கணவாயைச் சுண்டுவிரல் அகலப் பட்டையாக நறுக்கிக் கோத்தால் பல மீன்கள் கடித்தாலும் தாங்கும். பிள்ளைகளுக்குக் கணவாய்தான் ஏற்றது, அடிக்கடி இரை மாற்ற வேண்டியதில்லை.

இந்தப் பெட்டியைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு பங்கோர் தீவுப் பயணத்தில் கிடைத்தது. மாசி மகத்தை ஒட்டிப் பயணத்தை அமைத்தோம். பங்கோர் ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயிலில் மாசி மகம் எவ்வளவு பெரிய திருவிழா என்பதைப் பேராக் தமிழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திருவிழா நாளில் யாரும் தூண்டிலைத் தொடவில்லை. விரதம் முடித்து மறுநாள் விடியலில்தான், விடுதிக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்ற சிறிய படகுத்துறையில் கூடினோம். பயணிகள் படகு வந்துபோகும் துறையில் தூண்டில் போடுவதில்லை என்பது நம் சங்கத்தின் விதி.

மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பிறகு வரும் நாள்களில் ஏற்றமும் வற்றமும் உச்சத்தில் இருக்கும், நீரோட்டமும் கடுமையாக இருக்கும். மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அன்று 15 கிராம் குண்டு கட்டியவர்களின் நரம்பு துறைக்கு அடியிலேயே இழுபட்டுத் தூணைச் சுற்றிக்கொண்டது. ஐயா அவர்கள் ஊர்க்கடையில் 40 கிராம் குண்டு வாங்கி வரச் சொன்னார். குண்டை மட்டும் மெல்லிய நரம்பால் கட்டவும் கற்றுக்கொடுத்தார். அடியில் சிக்கினால் அந்த மெல்லிய நரம்பு அறுந்து குண்டு மட்டும் போகும், முள்ளும் மீனும் மேலே வந்துவிடும். ஏற்றம் முடிந்து நீர் நிற்கும் அந்தச் சிறு பொழுதில் கத்தாழையும் சிறு கலவாவும் கடித்தன. இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு முரல் கூட்டம் வந்தது. கணவாய்க் கொக்கியைப் போட்டவர்கள் ஒன்பது வயதுப் பெண்பிள்ளைகள் இருவர். அவர்கள் பிடித்த கணவாயைத்தான் அன்றிரவு எல்லாரும் பகிர்ந்து சாப்பிட்டோம்.

ஒரு சம்பவத்தையும் பதிவு செய்ய வேண்டும். இளம் உறுப்பினர் ஒருவர் கெளுத்தியை வெறுங்கையால் பிடிக்கப் போய் முள் குத்திக்கொண்டார். கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கச் செட்டைகளிலும் உள்ள முட்களில் நஞ்சு உண்டு. தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ், கையை அமிழ்த்தி வைத்ததும் வலி தணியத் தொடங்கியது. முள் உடைந்து உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் மருந்தகத்துக்கும் அழைத்துச் சென்றோம். அவர் இப்போது நலம், இதோ முன்வரிசையில் இருக்கிறார். குறடும் துண்டும் பெட்டியில் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். கடலில் கெளுத்தி, ஓரா, திருக்கை மூன்றையும் கையால் தொடாமல் தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும், அல்லது நரம்பையே வெட்டி விட வேண்டும். உடலை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனைச் சமைக்கவே கூடாது. அதன் நஞ்சு சூட்டில் அழியாது.

அறுந்த நரம்பைக் கடலில் விடக் கூடாது என்பதில் செயலவை கண்டிப்பாக இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் போத்தலில் கழிவு நரம்பைச் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. லுமுட்டுக்கு அருகே செகாரியில் கடலாமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. முட்டையிடக் கரையேறும் ஆமைகள் வாழும் கடல் இது. நைலான் நரம்பு பல்லாண்டுகள் மக்காமல் கிடந்து அவற்றின் செட்டையை அறுக்கும்.

திரும்பியதும் ரீலையும் குறடையும் நன்னீரில் மெதுவாகக் கழுவி, நிழலில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். உப்புநீரில் நனைந்த முட்களை உலர்ந்த முட்களோடு சேர்த்து வைத்தால் எல்லாமே துருப்பிடிக்கும்.

வரும் ஆண்டு லங்காவிக்குப் போகலாம் எனச் செயலவை பரிந்துரைக்கிறது. பெரும்பாலோர் கோலா பெர்லிஸ் வரை காரில் போய்ப் படகேறுவோம். சில குடும்பங்கள் விமானத்தில் வருவதாகச் சொல்லியிருக்கின்றன. அவர்கள் முள், கத்தி, குறடு மூன்றையும் கைப்பையில் வைக்காமல் சரக்கில் போடும் பெட்டியில் வைக்க வேண்டும். முள்முனைகளைத் தக்கையில் குத்தி மூடினால் பெட்டியைச் சோதிப்பவர் கையில் தைக்காது.

இன்னொன்று மிக முக்கியம். லங்காவியிலிருந்து பாயார் தீவுக்குச் சுற்றுலாப் படகுகள் போகின்றன. பாயார், தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் ஆகியவை கடல் பூங்காக்கள். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி இவற்றைச் சுற்றி 2 கடல்மைல் வரை மீன் பிடிக்கத் தடை உண்டு. அங்கே படகுத்துறையில் எவ்வளவு மீன் தெரிந்தாலும் தூண்டில் பெட்டி மூடியே இருக்கட்டும். பிள்ளைகளுக்கு நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடி கொடுங்கள், மீனைப் பார்க்கட்டும்.

இறுதியாக மூன்று முன்மொழிவுகள். புதிய உறுப்பினர்கள் இரவல் எடுத்துச் செல்லப் பட்டறையில் முடிவு செய்தபடி சில பெட்டிகளைச் சங்கச் செலவில் வாங்கி வைத்தல். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கு முன்னும் முடிச்சுப் போடும் வகுப்பு ஒன்றைப் பிள்ளைகளுக்கு நடத்துதல். சங்கப் பயணங்களில் கழிவு நரம்புப் போத்தலைக் கட்டாயமாக்குதல். இவற்றைப் பொதுக்கூட்டம் விவாதித்து ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பட்டறையை நடத்திய ஐயா அவர்களுக்கும், பங்கோரில் சமையலைக் கவனித்த அக்காமார்களுக்கும், கேள்வியை எழுப்பி இந்த வேலையைத் தொடங்கி வைத்த தாய்மார்களுக்கும் செயலவையின் சார்பில் நன்றி.

இங்ஙனம்,
செயலாளர்