கழுகுக் கதை வேண்டாம் ஐயா: மருத்துவக் கல்லூரி முதல்வருக்கும் மருத்துவக் கல்வித் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வித் துறையின் உயர் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

'தலைமைப் பண்பும் தொடர்பாடல் திறனும்' என்ற தலைப்பில் எல்லாத் துறை முதுநிலை மாணவர்களுக்கும் நடந்து முடிந்த அரைநாள் பயிலரங்கத்தைப் பற்றியது இந்த மடல். எந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதற்கான சுற்றறிக்கை அவ்வளவு அவசரமாக வந்தது என்பது தங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. கலையரங்கத்தில் இருநூறு பேருக்கு மேல். காலை பத்து முதல் ஒரு மணி வரை. வருகைப் பதிவு கட்டாயம். முந்தைய இரவு அட்மிஷன் டியூட்டி (புதிய நோயாளிகளைச் சேர்க்கும் பணி) பார்த்தவர்களுக்கும் விலக்கு இல்லை. வெளியிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர், நாற்பது வயதானதும் மலை உச்சிக்குப் போய்த் தன் அலகைத் தானே உடைத்துக்கொண்டு புதுப்பிறவி எடுக்கும் கழுகின் கதையைப் படங்களோடு விளக்கினார். எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை என்பது கிடக்கட்டும். இறந்துபோன நோயாளியின் மகளிடம் அதை எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு வரிகூட இல்லை. சான்றிதழ் மட்டும் எல்லோருக்கும் கிடைத்தது.

பயிற்சி வேண்டாம் என்று சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறோம். முதலாண்டு பி.ஜி. (முதுநிலை மாணவர்) ஒவ்வொருவருக்கும், சேர்ந்த மூன்று மாதத்துக்குள், எட்டுப் பேர் கொண்ட குழுவாக, டியூட்டி நேரத்துக்குள்ளேயே, நடித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் பயிற்சி. எங்கள் கோரிக்கை இந்த ஒன்றுதான்.

எதற்காக என்று கேட்டால், இரவு 3 மணி மெடிக்கல் வார்டைப் பாருங்கள். இ.சி.ஜி. நேர்கோடாக வந்துவிட்டது. கண்மணி விரிந்து நிற்கிறது. நேரத்தைக் குறித்தாயிற்று. இனி உறவினரிடம் சொல்ல வேண்டும். யார் சொல்வது என்று எந்த விதியிலும் இல்லை. இருப்பவர்களில் யார் இளையவரோ அவர் தலையில்தான் அது விழும். இடம், வார்டு வாசல். ஒரு பக்கம் ஆக்ஸிஜன் சிலிண்டர் வண்டி, இன்னொரு பக்கம் செருப்புக் குவியல், நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர்.

தவறு மூன்று இடங்களில் நடக்கிறது. முதலாவது, ஆள். டி.ஐ.எல். படிவத்தில், அதாவது நோயாளி ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்று எழுதிய தாளில், கையெழுத்துப் போட்டவரைத்தான் கூப்பிடுவோம். அவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர், அல்லது ஆம்புலன்ஸில் கூட வந்த மைத்துனர். மனைவி படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். மைத்துனர் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் தெரியும். அந்த அலறலுக்கு நடுவில் டாக்டர் என்ன சொன்னாலும் யார் காதிலும் ஏறாது.

இரண்டாவது, சொல். 'எக்ஸ்பயர் ஆயிட்டாங்க', 'கார்டியாக் அரெஸ்ட் ஆயிடுச்சு', 'ரெஸ்பான்ஸ் இல்லை'. அரெஸ்ட் ஆயிற்று என்றால் அதற்கு என்ன ஊசி என்று கேட்பவர் மேல் தப்பில்லை. 'இறந்துட்டாங்க' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டு அதைச் சுற்றி ஆயிரம் சொல் பேசுகிறோம். இதைவிட மோசமான ஒரு பழக்கமும் உண்டு. உயிர் போன பிறகும் 'ரொம்ப சீரியஸா இருக்கு' என்று முதலில் சொல்லிவைப்பது. அதிர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு செய்வது. பிறகு கேஸ் ஷீட்டில் 2.50 என்று இருக்கும், அவர்களிடம் சொன்னது 3.15 ஆக இருக்கும். 'செத்ததை மறைச்சுட்டாங்க' என்ற பேச்சு அந்த 25 நிமிடத்தில் பிறக்கிறது. இறந்தவரை வென்டிலேட்டரில் வைத்து ஏமாற்றும் கதையைச் சினிமாவில் பார்த்து வளர்ந்த ஊர் இது. அந்த 25 நிமிடத்தை நாமே எடுத்து அவர்கள் கையில் கொடுக்கிறோம்.

மூன்றாவது, சொன்ன பிறகு நிறுத்தத் தெரியாமல் பேசிக்கொண்டே போவது. பொட்டாசியம் ஏறியது, கிட்னி வேலை செய்யவில்லை, ஆதார் நகல் கொண்டுவாருங்கள், எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ்) என்பதால் போலீஸ் வந்த பிறகுதான் போஸ்ட்மார்ட்டம். எல்லாம் ஒரே மூச்சில். 'இறந்துட்டாங்கம்மா' என்று சொல்லிவிட்டு அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்பது நின்று பார்த்தவருக்குத் தெரியும். பயிற்சி வேண்டியது அந்த அரை நிமிடத்துக்கு.

இதற்கு வழிமுறை இல்லாமலில்லை. புற்றுநோய் மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே ஆறு படிகளாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஸ்பைக்ஸ் என்று பெயர். உட்கார இடம் பார்ப்பது, அவர்களுக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று அறிவது, 'நல்ல சேதி இல்லைங்க' என்று ஒரு முன்னெச்சரிக்கை கொடுத்துவிட்டு நேரடியாகச் சொல்வது, அழ விடுவது, அடுத்து என்ன என்பதைக் கடைசியில் பேசுவது. திடீர் மரணத்தில் மூன்றாவது படி ஒரு நொடிதான். மற்ற ஐந்தும் அப்படியே பொருந்தும். ஆனால் இந்த ஆறையும் ஸ்லைடில் போட்டு வாசித்தால் அதுவும் கழுகுக் கதைதான். வாயால் சொல்லிப் பழக வேண்டும்.

நம் மாநிலத்திலேயே இதைச் சரியாகச் செய்யும் ஓர் இடம் இருக்கிறது. மூளைச்சாவு என்றால் நான்கு மருத்துவர் குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதனை, குடும்பத்தோடு பேச அதற்கென்றே பயிற்சி பெற்ற உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். 2023 முதல் கொடையாளர்களுக்கு அரசு மரியாதை. உறுப்புக் கொடையில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பெயரில் அந்தப் பேச்சுக்கும் பங்கு உண்டு. உறுப்பு எடுக்கும் சாவுக்கு முறையாகப் பேச ஆள் இருக்கிறது, எடுக்காத சாவுக்கு இல்லை. கசப்பாகச் சொல்லிவிட்டோம், மன்னிக்கவும். ஆனால் வார்டில் நிலைமை அதுதான்.

'எம்.பி.பி.எஸ்.ஸிலேயே சொல்லிக்கொடுத்தாயிற்றே' என்று பதில் வரலாம். மனப்பாங்கு, அறநெறி, தொடர்பாடல் என்ற 27 பாடப் பகுதிகள் 2019-இல் சேர்ந்தவர்களிலிருந்து பாடத்திட்டத்தில் இருப்பது உண்மை. அந்த 2019 அணி அதில் பாதியைக் கொரோனா காலத்தில் கைபேசித் திரையில் படித்தது என்பதும் உண்மை. முதுநிலைக்கு வந்தால், 2023 முதுநிலைக் கல்வி விதிமுறைகள் கட்டாயப் பயிற்சியாகத் தனியே வைத்திருப்பவை ஆய்வு முறையியல், அறநெறி, இதய உயிர்காப்பு (இதயம் நின்றவரை மீட்பது). ஆய்வுக் கட்டுரை எழுதத் தெரிய வேண்டும், சரி. இரவில் 40 படுக்கையைப் பார்த்துக்கொள்பவருக்குப் பேசத் தெரிய வேண்டாமா?

இதய உயிர்காப்புப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமைப் பண்புக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒருவர் தலைவர், அவர் கைவைக்காமல் கால்மாட்டில் நின்று பார்ப்பவர். ஒருவர் நெஞ்சை அமுக்க, ஒருவர் மூச்சுப் பாதைக்கு, ஒருவர் மானிட்டருக்கு, ஒருவர் மருந்துக்கு, ஒருவர் நேரம் குறிக்க. 2 நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்குபவர் மாற வேண்டும். 'சிஸ்டர், அட்ரினலின் 1 மில்லிகிராம் ஐ.வி. கொடுங்க' என்றால் 'அட்ரினலின் 1 மில்லிகிராம் கொடுத்தாச்சு, மணி 2.36' என்று பதில் வர வேண்டும். நாம் அதிலிருந்து தேர்வுக்கு வேண்டிய டோஸை மட்டும் உருவிக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறோம். வார்டில் நடப்பது வேறு. ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், 'யாராவது அட்ரினலின் எடுங்க' என்பார்கள். யாராவது என்றால் யாரும் இல்லை. அல்லது இரண்டு பேர். முதலாண்டு பி.ஜி.தான் அங்கே தலைவர். அவர் உத்தரவு போட வேண்டிய சிஸ்டருக்கு இருபது வருட அனுபவம். அவரை மதித்துக்கொண்டே அவருக்கு வேலை சொல்வது தானாக வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம்.

டியூட்டி மாறும்போது கைமாற்றுவதும் இப்படித்தான். காலையில் ஒருவர் 'பரவாயில்லைம்மா' என்கிறார், மாலையில் இன்னொருவர் 'எதுவும் சொல்ல முடியாது' என்கிறார், நள்ளிரவில் மூன்றாமவர் மரணத்தைச் சொல்கிறார். நோயாளியின் நிலையைவிட எங்கள் பேச்சு வேகமாக மாறுகிறது. உறவினர் எதை நம்புவார்? எவ்வளவு கவலைக்கிடம், சுருக்கம், செய்ய வேண்டியவை, எது நடந்தால் என்ன செய்வது, வாங்குபவர் திருப்பிச் சொல்வது என்ற ஐந்து தலைப்பில் கைமாற்றும் ஐ-பாஸ் முறையை அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளில் பி.ஜி.க்களுக்குப் பழக்கிப் பார்த்தார்கள். மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-இல் ஆய்வு வெளியானது. அதற்கு இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. இங்கே நாங்கள் அதில் ஆறாவதாக ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வோம்: 'வீட்டாரிடம் இதுவரை என்ன சொல்லியிருக்கிறது, யாரிடம்'. அந்த ஒரு வரி இருந்தால் பாதித் தகராறு வராது.

சிகிச்சைக்கு வாங்கும் ஒப்புதல் கையெழுத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. புரியவைக்காமல் வாங்கிய கையெழுத்து ஒப்புதல் ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கிலேயே தெளிவாக்கிவிட்டது. நம் வார்டுகளில் இன்னமும் 'இங்க ஒரு கையெழுத்து' என்பதுதான் விளக்கம்.

தலைமைப் பண்பு என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறோம். இரவு 2 மணிக்குச் சீஃபுக்கு (யூனிட் தலைவருக்கு) போன் செய்யும் பி.ஜி.க்கு, என்ன வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லக் கற்றுக்கொடுக்கலாம். 'ஐயா, 7-ஆம் பெட் நோயாளியை ஐ.எம்.சி.யூ. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற அனுமதி வேண்டும்' என்று தொடங்கி, பிறகு காரணம் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்வார். ஆனால் மறுமுனையில் 'இதுக்கெல்லாமா போன் பண்ணுவே?' என்று வந்தால் அடுத்த முறை அவர் போன் செய்யமாட்டார், விடியும்வரை காத்திருப்பார். ஆகவே தலைமைப் பயிற்சியின் முதல் அமர்வை யூனிட் சீஃப்களுக்கு வைத்தால் செலவும் குறைவு, பலனும் அதிகம். (கழுகுக் கதையை வேண்டுமானால் அவர்களுக்குச் சொல்லலாம்.)

தூங்காதவனுக்குப் பொறுமை வராது என்பதையும் பயிற்சி ஆசிரியர் யாராவது ஒரு ஸ்லைடில் போடலாம். பி.ஜி.க்களின் வேலை ஒரு நாளைக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1992-இல் மத்திய அரசின் ஆணை சொன்னது. வாரம் 74 மணிக்கு மேல் போகக் கூடாது, ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் வரம்பே 26 மணி நேரம் மேலே போயிருக்கிறது. அதையும் வார்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். 2008-இல் நம் மாநிலத்தில் வந்த மருத்துவர் பாதுகாப்புச் சட்டம், மருத்துவரைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை என்கிறது. அதைச் சுவரில் எழுதியும் வைத்திருக்கிறோம். துக்கத்தில் இருப்பவர் யாரும் சுவரைப் படிப்பதில்லை. 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் பணியிலிருந்த மருத்துவர் குத்தப்பட்டபோதும் அந்தச் சட்டம் இருந்தது. கத்தியோடு வருபவரைப் பேச்சுத் திறன் நிறுத்திவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்குக் காவலும் கேமராவும் வேண்டும். வன்முறை நடந்ததும் 'நீங்கள் சரியாகப் பேசியிருக்கலாமே' என்று அடிபட்டவரிடம் சொல்லும் கருவியாக இந்தப் பயிற்சியை ஆக்கிவிடவும் வேண்டாம்.

எங்கோ போய்விட்டோம். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம்.

குழுவுக்கு எட்டுப் பேர். ஒரு அமர்வு 2 மணி நேரம், ஆளுக்கு மூன்று அமர்வு. மரணத்தைச் சொல்வது ஒன்று, ஒப்புதலும் கடினமான நோய்க் கணிப்பும் ஒன்று, கைமாற்றலும் உயிர்காப்புக் குழுவும் ஒன்று. மகளாகவும் மைத்துனராகவும் நடிக்க மருத்துவ சமூகப் பணியாளர்களையோ, ஓய்வுபெற்ற செவிலியர்களையோ, உள்ளூர் நாடகக்காரர்களையோ அழைக்கலாம். பி.ஜி.யே பி.ஜி.க்கு நடித்தால் பாதியில் சிரித்துவிடுவார்கள். காட்சி 7 நிமிடம், அதைப் பற்றிய பேச்சு 10 நிமிடம். முதலில் பேசியவர் தனக்கு எங்கே சறுக்கியது என்று சொல்லட்டும், அடுத்து 'மகள்' தனக்கு எப்படி இருந்தது என்று சொல்லட்டும், ஆசிரியர் கடைசியில். பார்ப்பவர்கள் கையில் ஒரு தாள்: உட்காரச் சொன்னாரா, கைபேசியை அணைத்தாரா, உறவுமுறையைக் கேட்டாரா, 'இறந்துட்டாங்க' என்ற சொல் வந்ததா, பிறகு எத்தனை நொடி அமைதி. மதிப்பெண் வேண்டாம், மதிப்பெண் வைத்தால் வசனம் மனப்பாடம் செய்து வருவார்கள்.

கணக்கும் போட்டுவிட்டோம். 80 முதலாண்டு மாணவர்கள் என்றால் 10 குழு, 30 அமர்வு, ஆண்டுக்கு 60 மணி நேரம். மாணவர் ஒருவருக்கு 6 மணி நேரம். ஒரு அட்மிஷன் டியூட்டியில் கால்வாசி. பாடம் நடத்த உதவிப் பேராசிரியர்கள் ஆறு பேர் முன்வந்திருக்கிறோம், தனி ஊதியம் கேட்கவில்லை. வேண்டியது தங்கள் கையெழுத்திட்ட ஆணை, அந்த 2 மணி நேரத்துக்கு வார்டைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் என்ற ஒரு வரியோடு. அந்த வரி இல்லாவிட்டால் பயிற்சி காகிதத்தில்தான் நடக்கும். முதலாண்டு பி.ஜி., மூன்று மாதத்துக்குள், எட்டுப் பேர் குழு, டியூட்டி நேரத்துக்குள். மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்று, இதற்கு ஆணைகூட வேண்டாம். மெடிக்கல் வார்டை ஒட்டி 'ஆலோசனை அறை' என்று பலகை மாட்டிய அறை ஒன்று இருக்கிறது. உள்ளே பழைய கட்டில்களும் உடைந்த ஸ்டாண்டுகளும் கிடக்கின்றன. அவற்றை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு நான்கு நாற்காலியும் ஒரு குடம் தண்ணீரும் வைத்து, அறைச் சாவியை இரவு டியூட்டி சிஸ்டரிடம் கொடுத்துவைக்கச் சொன்னால் போதும். ஆணை வரும்வரை, மரணத்தைச் சொல்ல உறவினர்களை அங்கேயாவது உட்காரவைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முதுநிலை மாணவர்களும், உதவிப் பேராசிரியர்கள் சிலரும்