செத்தவர்கள் அல்ல, சாகப்போகிறவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ரோமானிய வாள்வீரர்கள் கட்டுரை படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'மொரித்தூரி தே சலூத்தாந்த்' என்ற லத்தீன் வாசகத்துக்கு 'இறந்தவர்கள் உம்மை வணங்குகிறார்கள்' என்று போட்டிருக்கிறீர்களே, இறந்தவர் எப்படி ஐயா எழுந்து வந்து வணக்கம் வைப்பார்? இறந்தவர்களுக்கு லத்தீனில் 'மொர்த்துயி' என்று வேறு சொல் இருக்கிறது. 'மொரித்தூரி' எதிர்காலம் காட்டும் எச்சம், நம் வினையாலணையும் பெயர் மாதிரியே பெயராகவும் நிற்கும். சாகப்போகிறவர்கள், அவ்வளவுதான்.

சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கதையின் சுவையே இந்த எதிர்காலத்தில்தான் இருக்கிறது. கி.பி. 52இல் இத்தாலியின் ஃபூசினஸ் ஏரியை வடிப்பதற்கு முன்னால் பேரரசர் கிளாடியஸ் அங்கே ஒரு பொய்க் கடற்போர் நடத்தினார். ஆயுதம் தாங்கி வந்தவர்கள் 19,000 பேர் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், குற்றவாளிகள் என்றும் சொல்கிறார். இந்த வாசகத்தைச் சொன்னவர்கள் இவர்கள்தான் என்று எழுதிவைத்தவர், பேரரசர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய சூட்டோனியஸ். கட்டுரையில் இருப்பதுபோல ரோம் நகர அரங்கமான கொலோசியத்தில் கிளாடியேட்டர்கள் தினமும் முழங்கிய கோஷம் என்பதற்கு ஆதாரம் கிடையாது (கொலோசியம் திறந்ததே கி.பி. 80இல்!). சரி, அவர்கள் 'சாகப்போகிறவர்கள்' என்றதும் கிளாடியஸ் 'அவுத் நோன்' என்றாராம், அதாவது 'சாகாமலும் போகலாம்'. வந்தவர்கள் அதை மன்னிப்பு என்றே எடுத்துக்கொண்டு சண்டை போட மாட்டோம் என்று நின்றுவிட, மனிதர் தள்ளாடியபடி கரையோரம் ஓடி ஓடி மிரட்டியும் ஊக்கப்படுத்தியும் போரைத் தொடங்கவைத்தாராம். உங்கள் மொழிபெயர்ப்புப்படி அவர்கள் ஏற்கெனவே இறந்தவர்கள் என்றால் பேரரசரின் குறும்புக்கு அர்த்தமே இல்லை.

அப்புறம் அந்தப் படம். தனியாக ஒரு வீரர் வாளை உயர்த்தி நிற்க, அடியில் அதே பன்மை வாசகம். இந்த எச்சம் பெயரடைபோலவே பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறும். ஒற்றை ஆண் என்றால் 'மொரித்தூருஸ்', பெண் என்றால் 'மொரித்தூரா'. அந்த ஆள் தன் வாயால் சொல்வதாக இருந்தால் வினையும் மாறி 'மொரித்தூருஸ் தே சலூத்தோ' என்று வரவேண்டும். அடுத்த இதழில் திருத்தம் போடும்போது படத்துக்குக் கீழே இருப்பதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
லத்தீன் கற்கும் ஒரு வாசகர்