சின்ன வாசகர்களின் வரலாற்று இறாக்கைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

இலங்கை மலையகத்திலுள்ள எங்கள் சிறுவர் நூலகத்தில் தரம் 1 முதல் 3 வரையான பிள்ளைகளுக்கென்று வரலாற்று இறாக்கை (நூல் அடுக்கு) ஒன்று தயாராகிவிட்டது. நூல் வாங்கக் காசு தந்தவர்களுக்கு முதலில் நன்றி. ஆனால் பக்கம் பக்கமாகப் புரட்டி "இது பிள்ளைக்கு வேண்டாம்" என்று சொல்ல விவரம் தெரிந்தவர்கள் வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களுக்கே இம்மடல்.

தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற அம்மாமாரே, படத்தை மட்டும் பார்த்து நீங்கள் பிடித்த பிழைகளை எங்களால் பிடித்திருக்க முடியாது. கூடைக் கயிறு தலையில் மாட்டப்படுவது. படத்திலோ கூடை தோளில் தொங்கியது. அதைவிடப் பெரிய பிழை, 1840 என்று போட்டு அதன் கீழே தேயிலை மலையை வரைந்திருந்தது. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். அதற்கு முன் இந்த மலைகளில் பெருந்தோட்டம் என்றால் கோப்பிதான். எழுத்துக் கூட்டும் வயதில் பிள்ளை பாதியைப் படத்திலிருந்தே வாசிக்கிறது. படம் பிழையானால், மக்கள் இங்கே தங்கியதற்கான காரணமும் பிழையாகிவிடும். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் அதிகம் தேவைப்பட்டது. பருவம் முடிய நிறையப் பேர் தென்னிந்தியாவிலிருந்த தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலையில் வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், அதனால் குடும்பம் குடும்பமாக லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகளிலேயே) தங்கினார்கள். 1869இல் கோப்பியைப் பிடித்து, பின் அதை அழித்த இலைத்துரு நோயைச் சொல்லாத நூலில், தேயிலை இவ்வளவு பரவியது ஏன் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை.

ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களே, நீங்கள் காட்டித் தந்த முறையையே இப்போது எல்லா நூலுக்கும் பின்பற்றுகிறோம். ஐம்பது சொல் அளவுள்ள ஒரு பக்கத்தைப் பிள்ளை சத்தமாக வாசிக்கும். ஐந்து சொல்லுக்கு மேல் தடக்கினால் அந்த நூல் பெரியவர் வாசித்துக்காட்டும் தட்டுக்குப் போகும். வரலாற்று நூலில் பிள்ளை அதிகம் தடக்குவது பெயர்களில்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு புதுப்பெயர் போதும். எழுத்து 18 புள்ளிக்குக் குறையக்கூடாது. "குடியுரி" ஒரு வரியிலும் "மை" அடுத்த வரியிலுமாகச் சொல் உடைந்து கிடந்தால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான, யானைத் தும்பிக்கைபோல் வளைந்த பழைய வடிவ லை, னை உள்ள நூல்களை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெரியவர் பகுதிக்கு மாற்றிவிட்டோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு 1867உம் 1948உம் ஒரே "அந்தக் காலம்"தான். ஆகவே வருடத்தோடு "பாட்டியின் பாட்டி காலம்" என்றும் சொல்லும் நூல்களை முன்வரிசையில் வைத்திருக்கிறோம்.

உறவினர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிய குடும்பத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! "பின்னர் பலர் இந்தியா சென்றனர்" என்று ஒரே வரியில் முடித்த நூலை நீங்கள் திருப்பித் தந்தது சரிதான். விரும்பிப் போனதுபோல் எழுதினால் அது வரலாறு ஆகாது. 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் இங்கே பிறந்தவர்களும் குடியுரிமை இல்லாமல் போனார்கள். 1964இல் இலங்கை, இந்திய அரசுகள் இரண்டும் கையெழுத்திட்டு 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தன. சின்ன வசனங்களில் இதைச் சொல்ல முடியும். அப்படிச் சொல்லும் நூல் கிடைக்காதபோது, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிய நான்கு பக்கத் தாளை அட்டைபோட்டு வைத்திருக்கிறோம்.

பைண்டிங் செய்துதந்த அச்சகத் தம்பிமாருக்கும் நன்றி. எங்கள் பனிமூட்டத்தில் கம்பி குத்திய நூலில் கம்பி துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்றுவிடும், வழவழப்பான தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நூல்தையல் போட்டவை தாங்குகின்றன. இறாக்கையைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிறுத்திய தச்சு பாஸ் ஐயாவின் யோசனையால் பின்வரிசையில் பூஞ்சணம் குறைந்திருக்கிறது.

உண்மையில் வாழ்ந்தவர்கள் வாயில் கற்பனைப் பேச்சை வைத்த நூல்களுக்குப் பச்சைத் துண்டு ஒட்டிய மாணவர்களே, இன்னும் ஒரு பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. விடுமுறையில் வாருங்கள்; பசையும் துண்டும் தயாராக வைத்திருப்போம்.

நன்றியுடன்,
சிறுவர் நூலகக் குழுவினர்