ஐந்தோவன் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச மூன்று மாத விசாவில் வந்து, வந்த இடத்தில் எங்கள் பொதுக்குழுவிலும் மாட்டிக்கொண்டுவிட்ட பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் உறுப்பினர்களைக் கூட்டி நிர்வாகம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது நெதர்லாந்தின் சங்கச் சட்டம். அதன்படி 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நிர்வாகத்தில் இல்லாத இரண்டு உறுப்பினர்கள் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆகவே ஓரிடத்தைத் தவிர நான் பணத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை.

பொங்கல் 2024இல் திங்கட்கிழமை வந்தது. வழக்கம்போல் விழாவை அதை ஒட்டிய சனிக்கிழமைக்குத் தள்ளினோம். மண்டபத்தின் சமையலறையை அப்போதுதான் புதுப்பித்திருந்தார்கள். எல்லாம் இண்டக்ஷன் அடுப்பு. நாம் கொண்டுபோனதோ வெண்கலப் பானை. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அந்த அடுப்பு ஏறெடுத்தும் பார்க்காது என்பது பொறியாளர்கள் நிறைந்த இந்தச் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நான்கு பேர் மாறி மாறி அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துவிடலாம் என்று ஒரு கட்சி, பானையில்தான் பொங்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. கடைசியில் ஓர் உறுப்பினர் வீட்டிலிருந்து முகாம் அடுப்பு வந்தது. மண்டபத்துக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், காற்றை மறைக்க மூன்று பேர் குடை பிடித்து நிற்க, பால் வைத்தோம். அந்தக் குளிரில் பால் சூடேறவே வெகுநேரம் ஆயிற்று. குழந்தைகளுக்குப் பொறுமை போய், நுரை தெரியும் முன்பே இரண்டு முறை "பொங்கலோ பொங்கல்" என்று கத்தித் தீர்த்துவிட்டார்கள். மூன்றாம் முறை உண்மையாகவே பொங்கியபோது கத்தத் தொண்டை மிச்சமிருந்தது பெரியவர்களுக்குத்தான். கையுறை போட்ட கையால் கரும்பு தின்பது எப்படி என்று ஓர் அம்மா செய்து காட்டினார். நெதர்லாந்துப் பொங்கலுக்கென்று தனியாக ஒரு நூல் எழுதினால் அதில் சேர்க்க வேண்டிய கலை அது.

பின்னர் உள்ளே கலைநிகழ்ச்சி நடந்தது. நீண்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இங்கே இடையில் ஒரு தகவல். விழா வேலைநாளில் வந்தால் பிள்ளைக்கு விடுப்புக் கேட்கத் தயங்கும் பெற்றோர் இன்னும் பலர். ஐந்து வயதாகிவிட்டால் பள்ளி கட்டாயம் என்பதும், விடுமுறை அல்லாத நாளில் காரணமின்றி நிறுத்தினால் அபராதம் வரலாம் என்பதும் உண்மைதான். ஆனால் சமய விழாவைக் கொண்டாட விடுப்பு உண்டு என்று அதே கட்டாயக் கல்விச் சட்டம் சொல்கிறது. குறைந்தது இரண்டு நாள் முன்னதாகத் தலைமையாசிரியருக்குத் தெரிவித்தால் போதும். உடம்பு சரியில்லை என்று எழுதி அனுப்பிவிட்டு, மறுநாள் பிள்ளையே வகுப்பில் பட்டுப் பாவாடைக் கதையைச் சொல்லி மாட்டிவிடும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

ஏப்ரலில் சித்திரைப் பிறப்புக்கு முதல் நாள், கியூகன்ஹாஃப் மலர்த் தோட்டத்துக்கும் லெய்டனுக்கும் பஸ் வைத்துப் போனோம். கியூகன்ஹாஃபுக்கு அது 75ஆம் பருவம். 32 ஹெக்டேரில் ஆண்டுதோறும் சுமார் 70 இலட்சம் கிழங்குகளைக் கையால் நட்டு, எட்டு வாரம் மட்டும் திறந்து வைத்து, பின் மூடிவிடுகிறார்கள். தூலிப்பூக்களுக்கு நடுவே பட்டுப்புடவையில் படம் எடுக்க வேண்டும் என்று பெண்கள் அணி முன்கூட்டியே தீர்மானித்திருந்தது. படங்கள் அருமையாக வந்திருக்கின்றன. புடவைக்குள் என்னென்ன கம்பளி உடுப்புகள் இருந்தன என்பதைப் படத்தில் காண முடியாது.

லெய்டனுக்கு ஏன் என்று கேட்டவர்களுக்குப் பஸ்ஸிலேயே பதில் சொன்னோம். ஆனைமங்கலம் செப்பேடுகள் நாங்கள் போனபோது அந்த ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தன. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை இராசராச சோழன் கொடுத்த ஆணை. அதைச் செம்பில் வெட்டுவித்தவன் மகன் இராசேந்திரன். மொத்தம் 21 ஏடுகள். ஐந்தில் வடமொழி, பதினாறில் தமிழ். சோழ முத்திரை பதித்த பெரிய வளையத்தில் கோத்திருக்கிறார்கள். நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையில் இருந்த காலத்தில் கப்பலேறியவை. சைவ அரசன், பௌத்தப் பள்ளி, கடல் கடந்த நாட்டு மன்னன், தமிழில் ஆவணம், டச்சு நூலகம். நம் பிள்ளைகள் பள்ளியில் 'உன் ஊர்' பற்றிப் பேசச் சொன்னால் இட்லியையும் யானையையும் தாண்டிச் சொல்ல ஒன்று கிடைத்தது என்று நினைக்கிறேன். இந்தப் பயணத்தில் ஏடுகளை நேரில் பார்க்கவில்லை. ஒரு பஸ் நிறையக் குழந்தைகளோடு நூலகத்தின் அபூர்வச் சேகரிப்புக்குள் நுழைய முடியாது. ஏடுகளின் படத்தை அச்சிட்டு எடுத்துப்போய், கால்வாய்க் கரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டபடி அதில் தெரிந்த எழுத்துகளைத் தேடினோம். க, த, ப அடையாளம் தெரிந்த பிள்ளைகள் உண்டு. பெற்றோர் பலருக்கு அதுவும் தெரியவில்லை.

ஏப்ரல் 27, அரசர் நாள். அன்று யாரும் தெருவில் துணி விரித்துப் பழைய பொருள் விற்கலாம் என்பதால் நம் பிள்ளைகளும் கடை போட்டார்கள். வீட்டை அடைத்துக்கொண்டிருந்த பொம்மைகள் ஒழிந்தன என்று பெற்றோர் பெருமூச்சு விட்டது மதியம் வரைதான். விற்ற காசுக்கெல்லாம் பக்கத்துக் கடைப் பொம்மைகளை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

மே 10 இரவு நடந்தது சங்கத்தின் நிகழ்ச்சி அல்ல, ஆனாலும் பதிவு செய்கிறேன். துருவ ஒளி தெரிகிறது என்று யாரோ குழுவில் செய்தி போட, நள்ளிரவில் பைஜாமாவோடு வயல் பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டு போன குடும்பங்கள் பல. வானம் இளஞ்சிவப்பும் பச்சையுமாக இருந்தது. இத்தனை தெற்கே அப்படித் தெரிவது அபூர்வம். எந்த ஏற்பாடும் இல்லாமல், எந்த உரையும் இல்லாமல் இவ்வளவு பேர் கூடியது அந்த ஆண்டில் அன்றுதான்.

தொடர்ந்து நான்கு நாள் மாலையில் நடக்கும் நடைப்பயணத்துக்குப் பள்ளிகளோடு சேர்ந்து நம் பிள்ளைகளும் போனார்கள். எலுமிச்சம்பழத்தில் பெப்பர்மின்ட் மிட்டாயைச் செருகி உறிஞ்சிக்கொண்டே நடப்பது இந்த ஊர் வழக்கம். உப்பும் மிளகாய்த்தூளும் இல்லாத எலுமிச்சையா என்று நம் தாத்தா ஒருவர் வருத்தப்பட்டார்.

அதே தாத்தாவை ஜூலையில் கிண்டர்டைக்கில் பார்த்திருக்க வேண்டும். ரோட்டர்டாமிலிருந்து படகில் போனோம். 19 காற்றாலைகள் வரிசையாக நிற்கும் இடம். பெரும்பாலானவை 1740ஐ ஒட்டிக் கட்டப்பட்டவை. 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மாவரைக்கும் ஆலை என்று நாங்கள் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தோம். தஞ்சாவூர்ப் பக்கம் காலமெல்லாம் விவசாயம் பார்த்தவர் அவர். ஆலையின் அடியில் பெரிய துடுப்புச் சக்கரம் தண்ணீரைத் தள்ளி மேலே ஏற்றும் இடத்தில் குனிந்து நெடுநேரம் நின்றார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, "நாங்கள் தண்ணீர் வராதா என்று வாய்க்கால் தலைப்பில் காத்திருப்போம், இவர்கள் தண்ணீர் போகாதா என்று காத்திருக்கிறார்கள்" என்றார். தாழ்ந்த நிலத்து நீரைக் கீழ் வாய்க்காலிலிருந்து மேல் வாய்க்காலுக்கு ஏற்றி, அங்கே தேக்கி, ஆற்றின் மட்டம் இறங்கும்போது மதகைத் திறந்து வடிப்பது எப்படி என்று கைத்தடியால் மண்ணில் கோடு போட்டே விளக்கிவிட்டார். டச்சு மொழியில் ஒரு சொல் தெரியாதவர். ஆலைக்குள் இன்றும் குடும்பங்கள் குடியிருப்பதைக் கேட்டதும் அவருக்கு ஒரே கவலைதான்: இறக்கை சுற்றுகிற நேரத்தில் வீட்டுப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? காவலுக்கு இருந்தவரிடம் இதைப் பேரன் மொழிபெயர்த்துக் கேட்டான். அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளைக் கயிற்றால் கட்டி வைப்பதுண்டு என்று பதில் வந்தது. தாத்தா திருப்தியாகத் தலையாட்டினார்.

செப்டம்பரில் எஃப்டெலிங். 1952இல் தொடங்கிய கேளிக்கைப் பூங்கா, ஐந்தோவனிலிருந்து அதிகத் தொலைவில்லை. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. குப்பைத் தொட்டியாக உட்கார்ந்து "காகிதம் இங்கே" என்று வாய்பிளக்கும் குண்டுப் பொம்மைக்குத் தீனி போடுவதற்காக நம் பிள்ளைகள் பூங்காவையே துப்புரவாக்கினார்கள். வீட்டில் இதே ஆர்வம் எங்கே போகிறது என்பது பெற்றோர் எழுப்பிய கேள்வி.

தீபாவளி அக்டோபர் 31, இலையுதிர்கால விடுமுறைக்குள் வந்தது. அதனால் பலர் ஊருக்கே போய்விட்டார்கள். இங்கே இருந்தவர்கள் நவம்பர் 2இல் கூடினோம். வெடி வெடிக்க முடியவில்லை; 2024இல் இந்த நாட்டில் அதற்கு டிசம்பர் 31 மாலை ஆறு மணி முதல் இரவு இரண்டு மணி வரைதான் அனுமதி இருந்தது. கம்பி மத்தாப்புக்கு ஆண்டு முழுதும் தடையில்லை, பன்னிரண்டு வயதுக்கு மேல். எட்டு வயதுக்காரர்களுக்கு இந்தச் சட்டத்தை விளக்கிய பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. மண்டபத்துக்குள் அகல் விளக்கும் கூடாது, புகை உணரும் கருவி அலறிவிடும் என்றார்கள். மின்கலத்தில் எரியும் விளக்குகளை வைத்தோம். இரண்டொரு வாரத்துக்குள் நகரின் ஒளித்திருவிழாவில் தெருத்தெருவாக, சுவர் சுவராக விளக்கு. பிலிப்ஸ் பிறந்த ஊர் அல்லவா. நடந்து பார்க்கக் கட்டணமும் இல்லை. மழைக்கோட்டும் தெர்மாஸ் தேநீருமாகக் குடும்பங்கள் சேர்ந்து நடந்தோம்.

டிசம்பர் 5, குதிரையில் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு தரும் சின்டர்கிளாஸின் நாள். பிள்ளைகள் குதிரைக்குக் கேரட் வைத்த காலணியைக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். கேரட் தீர்ந்துபோன ஒரு வீட்டில் முருங்கைக்காய் வைக்கப்பட்டதாகத் தகவல். காலையில் அதுவும் காணவில்லை. அன்று அந்த வீட்டில் முருங்கைக்காய் சாம்பார்.

தமிழ் வகுப்பில் வருகை குறைந்திருக்கிறது. காரணம் ஆர்வக் குறைவு அல்ல, நீச்சல். கால்வாய்கள் நிறைந்த இந்த நாட்டில் ஏ சான்றிதழ் வாங்கும் வரை எந்தப் பெற்றோருக்கும் நிம்மதி கிடையாது. அந்த வகுப்புகளும் சனிக்கிழமை காலையில்தான். நாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறுவதே வழி. ஆசிரியர்கள் சம்மதித்துவிட்டார்கள்.

இப்போது நான் தள்ளி வைத்த பேச்சு. மண்டப விழாக்களில் வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை என்று நீண்டு, பிள்ளைகளின் ஆட்டம் வரும்போது பிள்ளைகளே தூங்கிவிடுகிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது வேறு. மண்டபத்தில் எல்லோரும் தமக்குத் தெரிந்தவர் பக்கத்திலேயே உட்காருகிறார்கள். ஒரே நிறுவனத்துக்காரர்கள் ஒரு வரிசை, ஒரே மாவட்டத்துக்காரர்கள் இன்னொரு வரிசை. புதிதாக வந்தவர்கள் கடைசி வரிசை. பக்கத்து ஊரான ஹெல்மண்டில் குடியேறிய ஒரு சகோதரி பொங்கலுக்கு வந்து, சாப்பிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பியிருக்கிறார். கணவர் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் தனியாக, ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஏப்ரல் பஸ்ஸில் கைக்குழந்தையோடு இடமில்லாமல் ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார, லெய்டன் போய்ச் சேர்வதற்குள் இருவரும் ஒரே டச்சு வகுப்பில் சேர முடிவெடுத்துவிட்டார்கள். தீபாவளி இனிப்புப் பொறுப்பை ஏற்று நடத்தியது அந்த இருவர்தான்.

பணத்தைப் பற்றிப் பேசுவேன் என்ற அந்த ஓரிடம் இதுதான். கோடையில் நடத்தும் ஆண்டு விழாவின் ஒலிபெருக்கி வாடகையும் மேடை அலங்காரமும் சேர்ந்த தொகைக்கு ஒரு நாள் பஸ் கிடைக்கிறது. பிள்ளைகள் கற்ற நடனத்தையும் பாட்டையும் காட்ட மேடை வேண்டும் என்று சொல்பவர்களின் வாதம் நியாயமானது. அதற்குப் பொங்கலும் தீபாவளியும் இருக்கின்றன. ஆகவே 2025இல் கோடை ஆண்டு விழாவை விட்டுவிட்டு, அதற்குப் பதில் இரண்டு சுற்றுலாக்கள் நடத்தலாம் என்ற தீர்மானத்தைச் செயற்குழு சார்பில் முன்வைக்கிறேன். செயற்குழுவிலேயே இருவர் இதை எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பேசவும் நேரம் ஒதுக்கியிருக்கிறோம். சிறு குழுவாகச் செப்பேடுகளைப் பார்க்க லெய்டன் நூலகத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்பது துணைத் தீர்மானம். பெரிய பிள்ளைகளுக்கு முன்னுரிமை.

வேறு நாட்டுக்கு மாறியும் ஊர் திரும்பியும் இந்த ஆண்டில் விடைபெற்ற குடும்பங்களுக்கு நம் வாழ்த்துகள். அவர்களிடம் இருக்கும் சங்கத்தின் இரண்டு இட்லிக் கொப்பரைகளைத் திருப்பித் தருமாறு மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். சமைத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், விழா முடிந்தபின் கடைசி வரை நின்று தரை துடைத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

அறிக்கையை ஏற்று, தீர்மானங்களை வாக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்ளுமாறு அவையை வேண்டுகிறேன்.

செயலாளர்