பாதித் தூரத்தில் பாதி வேகம் இல்லை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்குக் கால்வலி குறைந்திருக்கிறது. மணி வழக்கம்போல யாருக்கும் போன் செய்வதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா மகள் இயற்பியல் புத்தகத்தோடு வந்து ஒரு கேள்வி கேட்டாள். சீரான முடுக்கத்தில், அதாவது வேகம் ஒரே சீராகக் கூடிக்கொண்டே, போகும் வண்டிக்குத் தொடக்க வேகத்தையும் இறுதி வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி வேகம் என்கிறார்களே, நடுவில் இருந்த வேகங்கள் எங்கே போயின? சூத்திரத்தை உருப்போட்டே முதல் மார்க் வாங்கிய நீ இதை ஒரு நாளாவது கேட்டிருப்பாயா?

படம் போட்டுக் காட்டினேன். கிடைக்கோட்டில் நேரம், செங்குத்தில் வேகம். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் தொடங்கி 8 நொடியில் 30-ஐத் தொட்டால் அது ஒரு சாய்ந்த நேர்கோடு. அதன் கீழே உள்ள பரப்புதான் தூரம். நடு நேரத்துக்குப் பின் 20-க்கு மேலே துருத்தும் முக்கோணத்தை வெட்டி, முன்பாதியில் உள்ள பள்ளத்தில் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். சராசரி 20, தூரம் 160 மீட்டர். கோடு வளைந்திருந்தால், அதாவது முடுக்கம் மாறிக்கொண்டே இருந்தால், இந்தப் பொருத்தம் போய்விடும். ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரிக்காரர்கள் 14-ம் நூற்றாண்டிலேயே இதை வெறும் யோசனையால் பிடித்தார்கள். பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம் அதைப் படமாக்கினார். கலிலியோ 1638-ல் விழும் பொருளுக்குப் பயன்படுத்தினார். நொடியை அளக்க ஒழுங்கான கடிகாரம்கூட இல்லாத காலத்தில் இப்படி யோசித்திருக்கிறார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது!

அப்புறம்தான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. "72-ல் போனால் என்ன, 90-ல் போனால் என்ன, பிரேக் இருக்கிறதே" என்று எழுதியிருந்தாய். சின்னவன் கையில் சாவி கொடுத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

சராசரி வேகம் சரியாக நடு நேரத்தில் வரும், நடுத் தூரத்தில் வராது. மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 20 மீட்டர். பிரேக் ஒவ்வொரு நொடியிலும் இந்த 20-லிருந்து 5 வீதம் வேகத்தைக் குறைத்தால் 4 நொடியில் வண்டி நிற்கும். சராசரி 10, ஆக 40 மீட்டர். அதில் பாதியான 20 மீட்டரைக் கடக்கும்போது வேகம் பாதியாகியிருக்கும் என்றுதானே நினைப்பாய்? இன்னும் 14 இருக்கும். வண்டி வேகமாக இருக்கும்போதுதான் தூரத்தை விழுங்குகிறது. வேகம் குறையும் நேரத்தில் மிச்சத் தூரமே கொஞ்சம்தான்.

இப்போது 90-ஐப் போடு. அது நொடிக்கு 25 மீட்டர். அதே பிரேக்தான், ஆனால் நிற்க 62.5 மீட்டர் வேண்டும். முதல் வண்டி நின்ற அந்த 40-வது மீட்டரில் இது நொடிக்கு 15 மீட்டரில், அதாவது 54 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கால் பிரேக்குக்குப் போக இருவருக்கும் ஒரு நொடி சேர்த்துக்கொள். முதல் வண்டி 60 மீட்டரில் நிற்கும். அதே இடத்தை இரண்டாவது வண்டி கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும். அங்கே ஒரு குழந்தை குறுக்கே வந்தால், டேய், 18 கிலோமீட்டர்தானே கூடுதல் என்று சொல்ல முடியுமா?

சின்னவனோடு உட்கார்ந்து இதை ஒருமுறை காகிதத்தில் போடு. முடித்ததும் 108-க்கும் போடச் சொல்லி, விடையை அவன் கையாலேயே எனக்கு எழுதி அனுப்பச் சொல்.

உன்,
ரவி